கட்டைத் துவக்கின் வடிவு

அவர் பொய் சொல்லாத மனிதர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. வீட்டு உரிமையாளரிடம் அறையில் இரண்டு பேர்தான் இருக்கிறோம் என்பார். உள்ளே போய்ப் பார்த்தால் கால் வைக்க இடமில்லாமல் மெத்தை விரித்திருக்கும். ஊரில் இருந்த அம்மாவிடம் தொலைபேசியில், லண்டனில் கணக்கியல் படிப்பதாகச் சொல்லியிருந்தார். அவர் அப்போது படித்துக்கொண்டிருந்தது பெட்ரோல் நிலையத்து சிகரெட் பெட்டிகளின் விலையை. ஷிப்டுக்குப் பிந்தினால் ரயில் தடம் புரண்டது என்று முதலாளியிடம் கண் கலங்கச் சொல்வார். ஆனால் துப்பாக்கியைப் பற்றி ஒருவர் பிழையாக ஒரு சொல் சொன்னால் அவரால் பொறுக்கவே முடியாது. பேருந்தில் முன்சீட்டில் முன்பின் தெரியாதவர்கள் பேசிக்கொண்டு வந்தாலும் குனிந்து, தோளைத் தட்டி, திருத்திவிட்டுத்தான் இறங்குவார்.

நான் அவரை முதலில் பார்த்தது எண்பதுகளின் கடைசியில். ஈப்போவிலிருந்து சட்டம் படிக்க வந்து, பரீட்சையில் தேறாமல், திரும்பிப் போகவும் முகமில்லாமல் இல்ஃபோர்டில் ஒரு சொலிசிட்டர் அலுவலகத்தில் எழுத்தராக ஒட்டிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்துப் பையன்கள் அகதி விண்ணப்பத்தோடு வரிசையாக வரத் தொடங்கியதும், தமிழ் தெரிந்தவள் என்ற ஒரே தகுதியில் என்னை மொழிபெயர்ப்பாளராகவும் ஆக்கிவிட்டார்கள். என் தமிழ் மலேசியத் தமிழ் என்பதோ, அவர்கள் தமிழில் பாதி எனக்குப் புரிவதில்லை என்பதோ சொலிசிட்டருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

அப்படி ஒரு நாள் அவர் ஒல்லியாக, உயரமாக வந்து உட்கார்ந்தார். இடது புருவத்தில் பாதி இல்லை. நாற்காலியைத் தூக்கித் தன் வலப்பக்கமாகப் போட்டு என்னை அதில் உட்காரச் சொன்னார். சொலிசிட்டர் கேட்ட முதல் கேள்வி, ஆயுதம் ஏந்தியது உண்டா என்பது.

"நான் துவக்குத் தொட்டதே இல்லை, பிள்ளை. அப்பிடியே எழுதச் சொல்லுங்கோ."

துவக்கு என்றால் எனக்குத் தொடங்கு என்றுதான் பொருள். இவர் இதுவரை எதையும் தொடங்கியதே இல்லையாம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சொலிசிட்டர் அவரை அனுதாபத்தோடு பார்த்தார். அது வாழ்க்கையைப் பற்றிய பொதுவான கருத்து, நான் ஆயுதத்தைப் பற்றிக் கேட்டேன் என்றார். நான் மறுபடியும் கேட்டேன். அவர் மறுபடியும் அதையே சொன்னார். கடைசியில் இரண்டு கைகளையும் தூக்கி, ஒரு கண்ணை மூடி, சொலிசிட்டரின் நெற்றியைக் குறிபார்த்துக் காட்டினார்.

"துவக்குன்னா துப்பாக்கியா அண்ணே? முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"துவக்கெண்டாத் துவக்குத்தான். துப்பாக்கி எண்டுறது படத்தில கதாநாயகன் வைச்சிருக்கிறது."

அவர் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து வாசித்துக் காட்டியபோது அடுத்த சிக்கல் வந்தது. 'படையினர் இயந்திரத் துப்பாக்கிகளுடன் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார்கள்' என்று இருந்த வரியில் கையை வைத்துவிட்டார். இயந்திரத் துப்பாக்கி இல்லையாம், எஸ்.எல்.ஆர். என்கிற நீட்டு ரைபிளாம், மாற்றினால்தான் கையெழுத்துப் போடுவாராம். துப்பாக்கியைத் தொட்டே அறியாதவருக்கு இது எப்படித் தெரியும் என்று சொலிசிட்டர் கேட்டார்.

"தூரத்தில நிண்டு பாத்தனான்."

எவ்வளவு தூரம் என்றார் சொலிசிட்டர். அவர் யோசித்து, நேர்மையாக, கைகளை ஒரு முழத்துக்கு விரித்துக் காட்டினார். சொலிசிட்டர் பேனாவை மூடிவிட்டுத் தேநீர் போடப் போனார்.

அந்த வாரக் கடைசியில், என் மொழிபெயர்ப்புக்கு நன்றியாகவோ அல்லது தண்டனையாகவோ, செவன் கிங்ஸில் அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்குப் புட்டும் ஆட்டுக்கறியும் சாப்பிட அழைத்தார். பையன்கள் வாடகைக்கு ஒரு தமிழ்ப் பட வீடியோ கேசட் எடுத்து வைத்திருந்தார்கள். படம் போட்டு அரைமணி நேரம் நல்லபடியாக ஓடியது. பிறகு கதாநாயகன் ஒரு கையில் கதாநாயகியையும் மறுகையில் குட்டையான ஒரு ராணுவ ரைபிளையும் பிடித்துக்கொண்டு கொட்டும் மழையில் எதிரிகளைச் சுடத் தொடங்கினான். பையன்களில் ஒருவன் "ஐயோ, ரிமோட்டை ஒளியுங்கோ" என்று கத்தினான். பிந்திவிட்டது. படம் அப்படியே நின்று திரையில் நடுங்கிக்கொண்டிருந்தது.

"இது ஏலாது," என்றார் அவர். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். மற்றவர்கள் எல்லாரும் ஏற்கெனவே கேட்டவர்கள். பரல் என்றால் குழல், ரவை என்றால் தோட்டா என்று பக்கத்திலிருந்த பையன் என் காதில் சொல்லித் தந்தான். "கைத்துவக்கு ரவை எண்டாப் பரவாயில்லை. இது பெரிய ரவை. நீட்டுப் பரலுக்கெண்டு அளந்து மருந்து நிரப்பினது. பரலை அரைவாசியா வெட்டினா, மருந்து எரிஞ்சு முடியிறதுக்கிடையில ரவை வெளியில போடும். மிச்ச மருந்து எங்க போய் எரியும்? உங்கட மூஞ்சைக்கு முன்னால. இவன் இப்ப சுட்டதுக்கு அந்தப் பிள்ளையின்ர தலைமயிர் கருகியிருக்கோணும்."

"அண்ணை, அந்தப் பிள்ளை மழையில நிண்டு விறைக்குது. பட்டினை அமத்துங்கோ," என்றான் ஒருவன்.

"சத்தம் இன்னும் மோசம். என்ர இடது காது அந்தக் கட்டை தந்த சீதனம்."

"அப்ப எதுக்கு அண்ணே அதை வெட்டுறாங்க?" என்று நான் கேட்டேன்.

அவர் முகம் இளகிவிட்டது. பெண் பார்க்கப் போய் வந்த கதையைச் சொல்பவரைப் போல ஒரு சிரிப்பு வந்தது.

"வெட்டினாப் பிறகு பாக்கோணும், பிள்ளை. ஆட்டுக்குட்டி மாதிரி, மடியில வைக்கலாம் போல இருக்கும். நீட்டுத் துவக்கு ஒரு சின்னப்பிள்ளை உயரம். வாகனத்தால இறங்கேக்க கதவில தட்டும், வேலியில கொழுவும். கட்டையெண்டாச் சாக்கில சுத்திச் சைக்கிள்ல வைச்சாக் கத்தரிக்காய் கொண்டுபோறான் எண்டுதான் பாக்கிறவன் நினைப்பான். அறைக்குள்ள திருப்ப லேசு. பிடிச்சுக்கொண்டு படம் எடுத்தாச் சோக்கா இருக்கும். அதைக் கண்டாச் சுடவே தேவையில்லை, முன்னால நிக்கிறவன் தானா ஓடுவான்."

"அப்படின்னா நல்லதுதானே?"

"சுடாத வரைக்கும் நல்லது," என்று சொல்லிப் படத்தை ஓட விட்டார்.

துப்பாக்கி மட்டும் என்றில்லை, குட்டையாக்கிய எதன் மேலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. நான் கிரீன் ஸ்ட்ரீட்டில் ஒரு மடக்குக் குடை வாங்கி, பெருமையோடு அவருக்குக் காட்டினேன். அதைக் கையில் வாங்கிப் பொத்தானை அமுக்கி, விரித்து, மடக்கி, "வடிவா இருக்கு," என்று திருப்பிக் கொடுத்தார். வடிவு என்றால் அவர்கள் பேச்சில் அழகு. அவர் வாயில் அது பாராட்டு இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. அடுத்த நாள் காற்றில் குடை வாழைப்பூ மாதிரி மேல்நோக்கி விரிந்தபோது தெரிந்தது.

குரோய்டன் குடிவரவு அலுவலகத்து நேர்காணலுக்கு முன்பு சொலிசிட்டர் அவரை உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்பார்கள், சொல்லலாம். கைதுசெய்து அடித்ததைக் கேட்பார்கள், அதையும் சொல்லலாம். துப்பாக்கி என்ற சொல் வந்தால் ஒரே பதில்தான்: தெரியாது. போராளி என்று எழுதிக்கொண்டால் வழக்கு எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது, திருப்பி அனுப்பினாலும் அனுப்பலாம். திருப்பி அனுப்பினால் கொழும்பு விமான நிலையத்திலேயே அவரைக் கூட்டிக்கொண்டு போக ஆள் நிற்கும். இது அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். ரயிலில் வழி நெடுக "ஐ டோன்ட் நோ, ஐ டோன்ட் நோ" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். பக்கத்தில் இருந்த கிழவி ஒருத்தி, ஏதோ பறிகொடுத்தவர் என்று நினைத்து அவருக்கு மிட்டாய் கொடுத்தாள்.

அந்தப் பெரிய கட்டடத்தில் எங்களைக் கூப்பிட்ட அதிகாரி செம்பட்டை மீசைக்காரர். அவர்களுடைய மொழிபெயர்ப்பாளருக்கு அன்று காய்ச்சல் என்று, எல்லாருடைய சம்மதத்தோடும் என்னையே உட்கார வைத்தார்கள். மொழிபெயர்ப்பில் ஒரு விதி உண்டு. 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக் கூடாது. அவர் நான் என்றால் நானும் நான் என்றுதான் சொல்ல வேண்டும்.

எல்லாம் ஒழுங்காகவே போனது. பள்ளிக்கூடம் முடிந்தது. கைது முடிந்தது. அடித்த கதையும் முடிந்தது. கடைசிப் பக்கத்துக்கு வந்த அதிகாரி, வீட்டுக்குள் நுழைந்தவர்கள் என்ன வைத்திருந்தார்கள் என்று கேட்டார். "தெரியாது சேர், நீட்டா ஏதோ," என்றார். எங்கள் சொலிசிட்டர் மூச்சு விட்டார்.

அப்போது அந்த அதிகாரி, பேனாவை உருட்டிக்கொண்டே, சும்மா ஒரு வார்த்தை சொன்னார். கேள்வி இல்லை. தானும் இளம்வயதில் ராணுவத்தில், இலங்கைப் படையிடம் இருக்கிற அதே நீட்டு எஸ்.எல்.ஆர். ரைபிளைச் சுமந்தவர்தானாம். ஒவ்வொரு கதவிலும் இடிக்குமாம். பாதியாக வெட்டி மட்டும் கொடுத்திருந்தால் அதைவிட நல்ல துப்பாக்கி உலகத்திலேயே இருந்திருக்காதாம்.

நான் மொழிபெயர்த்தேன். அதுதான் என் வேலை. சொல்லி முடிக்கும்போதே அவருடைய அரைப் புருவம் மேலே போவது தெரிந்தது. மேசைக்கு அடியில் சொலிசிட்டர் அவரை உதைத்தார். உதை என் முழங்காலில் விழுந்தது.

"இல்லை, சேர்," என்றார் அவர்.

பிறகு நிறுத்தவில்லை. சமையலறைக் கத்தியைத் தவிர வேறு ஆயுதம் தொட்டறியாத நான், அதிகாரியின் முகத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னேன்: முகாமில் துப்பாக்கிகளைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டு வைத்தது நான்தான். வெட்டினால் அழகாக இருக்கும், உண்மை. ஒளிக்கலாம், உண்மை. ஆனால் இந்தத் துப்பாக்கியில் குழலுக்குள் ஓடுகிற புகைதான் பின்னால் தள்ளி அடுத்த ரவையை ஏற்றுகிறது. குழலை வெட்டினால் அந்தப் புகைக்கு நேரம் போதாது. ஒன்று சுடும், இரண்டாவது சிக்கும். குறி பார்க்கும் முனைகள் கிட்டக்கிட்ட வந்துவிடுவதால் சின்னப் பிசகும் பெரிதாகும். ஒருமுறை சுட்டால் நெருப்பு பூசணிக்காய் அளவுக்கு வரும். எங்கே நிற்கிறோம் என்று நாமே விளக்கைப் பிடித்துக் காட்டுகிற மாதிரி.

அதிகாரி எழுதவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ர சிநேகிதன் அதைத்தான் கேட்டவன்," என்றார் அவர், குரல் தாழ்ந்து. "எங்கட பட்டறையில வெட்டினது, ஒண்டுதான் இருந்தது. பொழுதுபட்டு மைம்மலாகிற நேரம், தோட்டக் கரையில நிண்டனாங்கள். அவன் சுட்டவன். அந்த வெளிச்சத்தில அவன்ர முகம் முழுக்கத் தெரிஞ்சது. எனக்குத் தெரிஞ்சா எதிரில நிண்ட ஆமிக்காரங்களுக்கும் தெரியுந்தானே. ரெண்டாவது ரவை சிக்கீட்டுது. பக்கத்தில நிண்ட எனக்கு ஒரு காதுதான் போனது."

அதையும் நான் என்றே சொல்ல வேண்டியிருந்தது. என் சிநேகிதன், என் காது. நான் இடையில் நிறுத்தித் தண்ணீர் குடித்ததை அந்த அறையில் மூன்று ஆண்களும் கவனிக்காத மாதிரி இருந்தார்கள்.

அதன் குறையெல்லாம் தெரிந்தும் ஏன் அவனிடம் சொல்லவில்லை என்று அதிகாரி கேட்டார்.

"எல்லாரும் சுத்தி நிண்டு வடிவெண்டு சொன்னவை. எங்கட பொறுப்பாளரும் சொன்னவர். நானும் வடிவெண்டு சொல்லிக் குடுத்தனான்."

அதிகாரி பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். "எனக்கு வெட்டித் தராததே நல்லது என்று அவரிடம் சொல்லுங்கள்," என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கோப்பை மூடினார்.

கிழக்குக் குரோய்டன் ரயில் மேடையில் சொலிசிட்டர் வெடித்தார். ஒரே ஒரு பதில் சொல்லிக் கொடுத்தேனே, அதைச் சொல்வதில் என்ன கஷ்டம் என்றார். நான் மொழிபெயர்த்தேன்.

"அந்தாள் பிழையாச் சொன்னவர், பிள்ளை. அதை அப்பிடியே விட்டிட்டு வாறதே?"

பல மாதங்கள் அவர் தூங்கவில்லை என்று பையன்கள் சொன்னார்கள். தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே வெளியே போய் நிற்பாராம். கடைசியில் தற்காலிகமாக இங்கே இருக்கலாம் என்று அனுமதி வந்தது. உண்மை வென்றது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த வீட்டில் இருந்த எல்லாருக்கும் அதே அனுமதிதான் வந்தது. கடலில் கால் நனைக்காமல் தன்னை மீனவன் என்று சொல்லிக்கொண்டவனுக்கும் வந்தது. அவருக்கு மட்டும் சந்தேகமே இல்லை.

"அந்தாளுக்கு விளங்கீட்டுது, நீட்டுத்தான் திறம் எண்டு."

தொண்ணூறுகளில் அவர் அப்டன் பார்க்கில் ஒரு சின்ன மளிகைக் கடை போட்டார். ஊரிலிருந்து வந்த ஒரு கெட்டிக்காரப் பெண்ணை மணந்தார். அவர் வாயைக் கட்டுவதே அந்தப் பெண்ணின் முழுநேர வேலையாக இருந்தது. கல்லாவுக்குப் பின்னால் செய்தித்தாளை ஒளித்து வைப்பாள், போர்ப் படம் இருக்கும் பக்கத்தைப் பார்த்தால் வாடிக்கையாளரைப் பிடித்து வைத்துக்கொள்வார் என்று. நான் கடைக்குப் போனால், "அக்கா, இவரை எதுவும் கேக்காதேங்கோ, மீன் பழுதாப்போகும்," என்பாள்.

ஒரு ஞாயிறு பிற்பகல், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். ஊர் நிலைமையைப் பற்றிப் பேச வேறு நாட்டிலிருந்து ஒரு ராணுவ ஆய்வாளர் வந்திருந்தார். கோட்டும் டையும் போட்டு, கையில் நீளமான சுட்டுக்கோலோடு நின்ற அவர், அப்பளத்தைத் தவிர எதையும் சுட்டவராகத் தெரியவில்லை. கடைக்காரரின் மனைவி என்னையும் இழுத்துக்கொண்டு போயிருந்தாள். அவளுக்குத் துணை வேண்டும் என்றாள். ஆனால் அவசரத்தில் கணவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் காதில் எதைச் சொன்னாலும் ஏறாது.

திரையில் ஒரு படம் விழுந்தது. வரிச்சீருடையில் ஒரு பையன், கையில் குட்டையான ரைபிள்.

"அதே பெரிய ரவை, அரைவாசி நீளம்!" என்று முழங்கினார் ஆய்வாளர். "சுமக்க லேசு, மறைக்க லேசு, எதிரிக்கு அதே அடி. இதில் ஒரு குறையும் இல்லை என்று உலக நிபுணர்கள் சொல்கிறார்கள்." மண்டபம் கைதட்டியது.

"இருங்கோ, இருங்கோப்பா," என்று மனைவி இடது காதில் மன்றாடினாள். அவர் எழுந்துவிட்டார்.

"ஐயா, ஒரு சின்னத் திருத்தம். சுமக்க லேசு, ஓம். மறைக்க லேசு, ஓம். ஆனா அதே அடி இல்லை. பரல் கட்டையானா ரவைக்கு வேகம் குறையும். கூடுறது சத்தமும் நெருப்பும். அது வடிவுக்குத்தான் நல்லம், பிள்ளையளின்ர கையில குடுக்கக் கூடாது."

கைதட்டல் நின்ற மண்டபத்தில் யாரோ ஒருவரின் குழந்தை அழுவது மட்டும் கேட்டது. சுவரோரம் நின்ற நாலைந்து இளைஞர்கள் அவர் பக்கமாக நகர்ந்தார்கள். அந்தக் காலத்தில் இயக்கத்துக்காரர்கள் நடத்தும் அந்த மாதிரிக் கூட்டத்தில் எழுந்து திருத்தம் சொல்வது யாரும் செய்கிற காரியம் இல்லை. அதற்குப் பிறகு கடைக் கண்ணாடி உடைந்தாலும் உடையும், ஊரில் இருக்கிற அம்மாவை யாராவது விசாரித்துக்கொண்டு போனாலும் போவார்கள்.

"நீர் ஆர்?" என்று கேட்டார் ஆய்வாளர். "முந்தி எந்த இயக்கம்?"

மனைவி என் கையைப் பிடித்தாள். அவள் நகம் என் தோலில் பதிந்தது.

"முந்தியதை விடுங்கோ ஐயா. இப்ப பத்துக்கிலோ அரிசிப்பை இயக்கம். கிரீன் ஸ்ட்ரீட் பக்கம் வந்தா எட்டிப் பாருங்கோ."

எங்கோ பின்வரிசையில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு மண்டபமே சிரித்தது. சுவரோரம் நின்றவர்களில் ஒருவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மற்றவன் அவனை முறைத்தான். அந்தச் சிரிப்பில் கூட்டம் தப்பியது, அவரும் தப்பினார். ஆய்வாளர் அவசரமாக அடுத்த படத்துக்குப் போனார்.

கூட்டம் முடிந்து எல்லாரும் தேநீரும் ரோல்ஸும் வாங்க வரிசையில் நின்றபோது, மனைவி அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவரும் வலது காதைக் கொடுத்துப் பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது ஒரு அம்மா, கம்பளிக் கோட்டை இறுக்கிப் பிடித்தபடி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"தம்பி, நீங்கள்தானே எழும்பிக் கதைச்சது?"

"ஓம், அம்மா."

"உங்களுக்கு இதெல்லாம் தெரியும்போல கிடக்கு." அந்த அம்மா கைப்பையைத் திறந்து ஒரு புகைப்படத்தை எடுத்தார். "என்ர கடைசி மகன். என்னோட வரமாட்டன் எண்டு அங்கயே நிண்டிட்டான். போன கிழமை இந்தப் படம் ஒராள் கொண்டுவந்து தந்தது. அவன்ர கையில இருக்கிறது... நீங்கள் சொன்னது மாதிரிக் கட்டையா இருக்குது, தம்பி. ஒருக்காப் பாருங்கோ."

அவர் படத்தை வாங்கினார். நான் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். மீசை அரும்பாத பையன், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான். இத்தனை வருடத்தில் எனக்கும் கொஞ்சம் பழகியிருந்தது. அவன் மார்புக்குக் குறுக்கே இருந்தது வெட்டிய துப்பாக்கியேதான். முன்பக்கம் பாதிக் குழல் இல்லை. எந்தச் சந்தேகமும் இல்லை.

மனைவியும் பார்த்துவிட்டாள். இந்த முறை அவரைத் தடுக்கவில்லை. தடுக்க அவளுக்குத் தோன்றவும் இல்லை. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், வெகுநேரம் பார்த்தார். அந்த அம்மா அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுவோ? இது அது இல்லை, அம்மா," என்றார் கடைசியில். "இது வேற. படம் எடுத்தவனுக்கு எடுக்கத் தெரியேல்லை. கோணலா நிண்டு எடுத்திருக்கிறான், அதுதான் உங்களுக்குக் கட்டையாத் தெரியுது."

"அப்ப நீட்டோ, தம்பி?"

"நீட்டு, அம்மா," என்றார், படத்தைத் தன் சட்டையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தபடி. "நல்ல நீட்டு."